காலையில் மட்டும் உதைக்கும் வண்டி

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

சாஃப்ட்வேர்ல இருக்கிற எல்லோரும் வாழ்க்கையில ஒரு தடவையாவது சொன்ன வசனம் ஒண்ணு உண்டு: "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது?" டெஸ்டர் பிழை இருக்குன்னு சொல்லுவாங்க. நாம நம்ம லேப்டாப்ல ஓட்டிப் பார்ப்போம், வராது. உடனே டிக்கெட்டை மூடிடுவோம். மூடுறதோட விட மாட்டோம், மனசுக்குள்ள டெஸ்டரைத் திட்டவும் செய்வோம்.

இன்னைக்குக் கதையும் அதேதான். ஆனா இதுல லேப்டாப் கிடையாது, ஒரு பிக்கப் வண்டி. மூடின டிக்கெட்டால கிட்டத்தட்ட ஒருத்தர் வேலையே போயிருக்கும்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். போடிக்காரங்க பாதிப் பேருக்குப் பிழைப்பு மேல ஏலமலையிலதான். வீடு இங்க, தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம். ஏலக்காய் ஏலம் போடியிலயும் புத்தடியிலயும் நடக்கும். விடியறதுக்கு முன்னாடியே தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க வரிசையா முந்தல் தாண்டி ஏறுற காட்சி எங்க ஊருக்கு அலாரம் மாதிரி. அந்த ரோட்டுல போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு.

எங்க பெரியப்பாவுக்கும் அங்க ஒரு சின்னத் தோட்டம் இருக்கு. இருபது வருஷமா பழைய ஜீப் ஒண்ணு வச்சிருந்தார். அதை ஓட்டினவர் ஒரு அண்ணன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால டிரைவர் அண்ணன்னே சொல்றேன். அந்த 17 வளைவும் அவருக்கு ரேகை மாதிரி. போன வருஷம் பெரியப்பா ஒரு புது டபுள் கேப் பிக்கப் வாங்கினார். டீசல், ஆட்டோமேட்டிக். எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, இங்க அது விஷயமே இல்ல.

"வண்டி உதைக்குது மொதலாளி"

வண்டி வந்து ரெண்டு மாசம் பிரச்சினை இல்ல. மார்கழி வந்ததும் டிரைவர் அண்ணன் சொல்ல ஆரம்பிச்சார்: "காலையில தோட்டத்துல இருந்து எடுக்கையில ரெண்டுல இருந்து மூணு விழுறப்ப பின்னாடி யாரோ உதைக்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டுது மொதலாளி."

பெரியப்பா போடியில இருந்து ஒரு நாள் பத்து மணி வாக்குல வண்டியை எடுத்து தேனி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி போச்சு. அடுத்து மதுரையில சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார். அவங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ஜாப் கார்டுல எழுதிக் கொடுத்தாங்க: குறை எதுவும் காணப்படவில்லை. கூடவே வாய்மொழியா ஒரு வார்த்தை: "டிரைவர் பழைய ஆளா சார்? ஜீப் ஓட்டினவங்களுக்கு ஆட்டோமேட்டிக் பழகக் கொஞ்ச நாள் ஆகும்."

அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு. பெரியப்பா, சென்னையில ஆட்டோமேட்டிக் கார் ஓட்டின ஒரு பையனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். அவன் போடியில வண்டியை எடுத்து, மலை ஏறி, சாயங்காலம் திரும்பி வந்தான். ஒரு வெட்டும் இல்ல. முடிஞ்சது கதை. "அடுத்த மாசத்துல இருந்து இந்தப் பையனே ஓட்டட்டும்"னு பேச்சு வந்துடுச்சு.

பெரியப்பா, சர்வீஸ் சென்டர், அந்தப் பையன்னு மூணு பேர் ஓட்டினாங்க. மூணு பேரும் சூடான வண்டியைத்தான் ஓட்டினாங்க. ராத்திரி முழுக்க மலையில நின்னு குளிர்ந்த வண்டியை விடிகாலையில எடுத்தவர் ஒரே ஒருத்தர். அவர் சொன்னதைத்தான் யாரும் கேட்கல. லீவுக்கு ஊருக்குப் போனப்ப இந்தக் கதையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. ஏன்னா இதே மாதிரி நானும் எத்தனை டிக்கெட் மூடியிருப்பேன்!

உள்ள என்னதான் நடக்குது?

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிக்கலாம். நம்ம ஊர்ல கிளட்ச் பெடல் இல்லாத எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்னுதான் சொல்றோம். 2014-ல செலேரியோ மூலமா பரவலான ஏஎம்டி, உண்மையில மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மனுஷனுக்குப் பதிலா ஒரு மெஷின் போடுது. அதுல லேசா தலையாட்டுறது சகஜம். நான் இன்னைக்குப் பேசுறது டார்க் கன்வெர்ட்டர் வச்ச பழைய பரம்பரை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்ல ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த ஹைட்ரா-மேட்டிக்ல இருந்து வளர்ந்து வந்தது.

இந்தக் கியர்பாக்ஸ்ல எண்ணெய்தான் எல்லாமே. மத்த இடத்துல எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இங்க எஞ்சினோட விசையை டார்க் கன்வெர்ட்டர் வழியா கடத்துறதும் எண்ணெய், கிளட்சை அழுத்திப் பிடிக்கிறதும் எண்ணெய், சூட்டை எடுத்துட்டுப் போறதும் எண்ணெய். ஒரு பம்ப் அதை அழுத்தும். வால்வ் பாடின்னு ஒரு பாகம், உள்ள எறும்புப் புற்று மாதிரி வழிகள். எந்த வழி எப்போ, எவ்வளவு திறக்கணும்னு சோலினாய்டுகள் முடிவு பண்ணும். சோலினாய்டுகளுக்கு உத்தரவு போடுறது ஒரு கம்ப்யூட்டர்.

ரெண்டுல இருந்து மூணு மாறணும்னா, ஒரு கிளட்ச் பிடியை விடணும், இன்னொண்ணு பிடிக்கணும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல ரெண்டும் நடந்தாகணும். ஏலக்காய் மூட்டையை வண்டிக்கு மேல ஏத்துறதைப் பார்த்திருக்கீங்களா? கீழ ஒருத்தர் தூக்கிக் கொடுப்பார், மேல ஒருத்தர் வாங்குவார். மேல இருக்கிறவர் பிடிக்கிறதுக்கு முன்னாடி கீழ இருக்கிறவர் விட்டா மூட்டை நழுவும். அதே தான் கியர்பாக்ஸ்லயும்: எஞ்சின் சத்தம் சட்டுனு ஏறும், அப்புறம் 'டொம்'னு பிடிக்கும். மேல இருக்கிறவர் இழுத்த பிறகும் கீழ இருக்கிறவர் விடலைன்னா ரெண்டு பேரும் தடுமாறுவாங்க. அப்போ வண்டி பிரேக் போட்ட மாதிரி குலுங்கும்.

இப்போ இந்த மூட்டை மாத்துற வேலையைக் குளிர்ல பண்ணச் சொல்லுங்க. மார்கழியில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தா என்ன ஆகும்? கியர்பாக்ஸ் எண்ணெய் அப்படி உறையாது, ஆனா கெட்டியாகும். இன்னைக்கு வர்ற ஒரு சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயோட பாகுநிலை 100 டிகிரியில சுமார் 6 சென்டிஸ்டோக்ஸ். 40 டிகிரியில சுமார் 30. 10 டிகிரிக்கு இறங்கினா 100-ஐத் தாண்டிடும். அதாவது ஓடிச் சூடான வண்டியில இருக்கிறதை விட பத்து மடங்குக்கும் மேல கெட்டி. அதே வழி, அதே சோலினாய்டு, அதே அழுத்தம். ஆனா எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும்.

இது கம்ப்யூட்டருக்கும் தெரியும். எண்ணெய்க்குள்ள ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கும். குளிரா இருந்தா கியரைக் கொஞ்ச நேரம் கூடுதலா பிடிச்சு வைக்கும். டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகுறதைத் தள்ளிப் போடும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்னு வேற ஒரு கணக்கு போடும். அதோட ஒவ்வொரு கியர் மாற்றமும் எப்படி இருந்துச்சுன்னு பார்த்து தன்னைத் திருத்திக்கும். ஆனா பல வண்டிகள்ல இந்தக் கத்துக்கிற வேலை எண்ணெய் ஒரு அளவு சூடான பிறகுதான் நடக்கும். புது வண்டி, சமவெளிச் சூட்டுல ஓடிப் பழகினது. குளிர்ல எப்படி நடந்துக்கணும்னு அதுக்கு இருக்கிறது ஃபேக்டரியில எழுதின கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்குல சின்னப் பிழை இருந்தா, அது வெளிய தெரியறது விடிகாலையில, முதல் சில கிலோமீட்டர்ல மட்டும்.

மலை என்ன பண்ணுது?

போடி கடல் மட்டத்துல இருந்து சுமார் 350 மீட்டர். போடிமெட்டு அதை விட சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா ஆறு டிகிரிக்கு மேல குறையும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். மதுரையில ராத்திரி ஸ்வெட்டர் தேடுற அன்னைக்கு, மேல கம்பளியோட கம்பளி சேர்த்துப் போர்த்தணும்.

இன்னொண்ணும் இருக்கு. சமவெளியில வண்டியை எடுத்தா முதல் கிலோமீட்டர் தெருவுல மெதுவா போவோம். தோட்டத்துல அப்படி இல்ல. ஷெட்டை விட்டு வெளிய வந்ததும் கல் ரோட்டுல செங்குத்தா ஒரு ஏத்தம், ஏத்தம் முடியறப்ப ஒரு வளைவு. பின்னாடி ஏலத்துக்குப் போற மூட்டைங்க. கியர்பாக்ஸ் எந்த நேரத்துல ரொம்பக் கெட்டியா இருக்கோ, அதே நேரத்துல நாம அதுக்கிட்ட அதிகமா வேலை கேட்குறோம். பனியில நனைஞ்ச கல்லுமேல, வளைவுல, பின் சக்கரத்துக்கு ஒரு உதை விழுந்தா வண்டி கொஞ்சம் வால் ஆட்டும். "பயமா இருக்கு தம்பி"ன்னு இருபது வருஷமா அந்த மலையில ஓட்டுற மனுஷன் சொன்னா, அது சொகுசுக் குறைச்சல் பத்தின புகார் இல்ல.

நாலு காலை

நான் தோட்டத்துல நாலு ராத்திரி தங்கினேன். கையில ஒரு சின்ன ஓபிடி டாங்கிள், போன்ல ஒரு ஆப். கியர்பாக்ஸ் எண்ணெயோட சூடு எல்லா ஆப்லயும் நேரடியா வராது. அந்த வண்டிக்கான குறியீட்டைத் தேடிப் பிடிக்கவே ஒரு ராத்திரி போயிடுச்சு.

முதல் காலை, டிரைவர் அண்ணன் ஓட்டினார். எண்ணெய் 13 டிகிரி. ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப எஞ்சின் சுத்து 300 ஆர்பிஎம் சும்மா ஏறி, அப்புறம் ஒரு உதை. பக்கத்து சீட்ல என் டீ டம்ளர் மடியில கவிழ்ந்துச்சு. 35 டிகிரி தாண்டினதும் உதை லேசாச்சு. 50 தாண்டினதும் சுத்தமா இல்ல. அஞ்சு கிலோமீட்டர்தான், அதுக்குள்ள வண்டி நல்ல பிள்ளை ஆயிடுச்சு.

ரெண்டாவது காலை நான் ஓட்டினேன். அதே உதை. மூணாவது காலை அந்தச் சென்னைப் பையனை முந்தின நாளே வரச் சொல்லித் தங்க வச்சு ஓட்டச் சொன்னோம். அதே இடம், அதே உதை. இறங்கி வந்து முதல் வேலையா அண்ணன்கிட்ட, "ண்ணே, நான் சொன்னது தப்புண்ணே"ன்னான். நல்ல பையன்.

நாலாவது ராத்திரி ஒரு சோதனை. ஏலக்காய் ஸ்டோர்ல பச்சைக்காயை ராத்திரி முழுக்க 50 டிகிரியை ஒட்டின சூட்டுல காய வைப்பாங்க. அந்த அடுப்புப் பக்கத்துச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். காலையில எண்ணெய் 20 டிகிரி. உதை பாதியா குறைஞ்சிருந்துச்சு. டிரைவர் மாறினாலும் மாறாத விஷயம், சூடு மாறினதும் மாறுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இடையில இன்னொண்ணும் பார்த்தோம். நின்ன இடத்துல அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட விட்டா சரியாகுமான்னு. எண்ணெய் நாலு டிகிரிதான் ஏறுச்சு. டீசல்தான் வீண். கியர்பாக்ஸ் சூடாகணும்னா வண்டி ஓடணும், மெதுவா ஓடணும்.

இது போடிப் பிரச்சினை மட்டுமா?

இல்ல. பிக்கப்புக்குப் பேர் போன அமெரிக்காவுலயே இந்தச் சண்டை பெருசு. ஜெனரல் மோட்டார்ஸோட 8 கியர் ஆட்டோமேட்டிக்ல 2015-ல இருந்து வந்த வண்டிகள் நிதான வேகத்துல போறப்ப நடுங்குதுன்னு புகார் குவிஞ்சது. எண்ணெய் ஈரத்தை இழுத்துக்குதுன்னு தெரிஞ்சு, கடைசியில எண்ணெயோட வகையையே மாத்தச் சொல்லி சர்வீஸ் அறிக்கை விட்டாங்க. 2017-ல ஃபோர்ட் எஃப்-150-க்கு வந்த 10 கியர் பாக்ஸ்ல முரட்டுத்தனமா கியர் மாறுதுன்னு உரிமையாளர்கள் கோர்ட்டுக்கே போனாங்க. ரெண்டு வகை வழக்குலயும் ஆரம்பத்துல பலருக்குக் கிடைச்ச பதில் ஒண்ணுதான்: "இது இந்த வண்டியோட இயல்பு."

இயல்புங்கிற அந்த வார்த்தைதான் சிக்கல். ஏன்னா அதுல பாதி உண்மை. குளிர்ல கொஞ்சம் கெட்டியா கியர் மாறுறது நிஜமாவே இயல்பு. எங்க வரைக்கும் இயல்பு, எங்க இருந்து குறைன்னு யார் கோடு போடுறது? ஏசி ரூம்ல உட்கார்ந்து போட முடியாது.

என்ன ஆச்சு?

பதிவுகளையும் வீடியோவையும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். ஒரே ஒரு கோரிக்கை: உங்க டெக்னீஷியன் ஒரு ராத்திரி இங்க வந்து தங்கணும். ரெண்டு வாரம் இழுத்தடிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் வந்தார். ஸ்வெட்டர் கொண்டு வரல, பாவம். காலையில ஆறு மணிக்குப் பக்கத்து சீட்ல உட்கார்ந்தார். ஏத்தத்துல உதை விழுந்ததும் டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டு, "சார், இருக்கு சார்"னார்.

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்கெனவே வந்திருந்துச்சு, எங்க வண்டியில ஏத்தலை. அதை ஏத்தி, பழைய கத்துக்கிட்ட கணக்கை அழிச்சு, எண்ணெய் அளவைச் சரியான சூட்டுல வச்சுப் பார்த்து, மறுபடி கத்துக்கிற மாதிரி ஒரு குறிப்பிட்ட முறையில ஓட்டினாங்க. எல்லாம் வாரன்டியில. இப்போ உதை இல்ல. கடுங்குளிர்ல ஒரு சின்னக் கனம் மட்டும் தெரியும். அதை இயல்புன்னு நானும் ஒத்துக்குறேன்.

உங்க வண்டிக்கு

உங்க வீட்டுல இப்படி ஒரு வண்டி இருந்தா, ஊட்டி, கொடைக்கானல், மூணாறுன்னு எங்கயாவது ராத்திரி நிறுத்துறவங்களா இருந்தா, இதைக் குறிச்சுக்கோங்க.

முதல் சில நிமிஷம் எஞ்சின் கூடுதலா சுத்துறது, கியர் தாமதமா மாறுறது, லேசான கனம் இதெல்லாம் சகஜம். சூடான பிறகும் உதைச்சா, டி-யிலயோ ஆர்-லயோ போட்டு ரெண்டு மூணு நொடி கழிச்சுத்தான் பிடிச்சா, எஞ்சின் கத்தி வண்டி நகரலைன்னா, கருகின வாடை வந்தா, வாரத்துக்கு வாரம் மோசமாச்சுன்னா, அது குறை. தள்ளிப் போடாதீங்க.

காலையில ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சுத்து கொஞ்சம் இறங்கினதும், பிரேக்கை மிதிச்சபடி டி போடுங்க. பிடிச்சது தெரிஞ்ச பிறகு நகருங்க. முதல் நாலஞ்சு கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை அழுத்தாதீங்க. ஏத்தம் இருந்தா மேனுவல் மோடுல ஒரே கியர்ல ஏறுங்க. நடு வளைவுல கியர் மாறவே வேண்டாம்.

எண்ணெய் விஷயத்துல கையேடு சொல்ற வகையைத் தவிர வேறெதுவும் ஊத்தாதீங்க, "எல்லாம் ஒண்ணுதான்"னு யார் சொன்னாலும். மலை, சுமைன்னு ஓட்டினா கையேட்டுல கடினப் பயன்பாட்டுக்குன்னு தனி அட்டவணை இருக்கும், அதைப் பாருங்க.

சர்வீஸுக்குப் போறப்ப "வெட்டுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்ன பிறகு, எந்தக் கியர்ல இருந்து எந்தக் கியருக்கு, எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு எழுதிக் கொடுங்க. ஜாப் கார்டுல உங்க வார்த்தையிலயே எழுத வையுங்க, நகல் வாங்குங்க. வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுட்டு, காலையில எஞ்சினைத் தொடாம உங்க முன்னாடி எடுக்கச் சொல்லுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்லாம் சரியான பிறகு டிரைவர் அண்ணனோட போடிமெட்டுல டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை, கேஸை ஜெயிச்ச வக்கீல் மாதிரி. அவர் சொன்னார்: "பழைய ஜீப்லயும் மார்கழியில காலையில ரெண்டாவது கியர் விழாது தம்பி. ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சு, கொஞ்சம் பொறுத்துப் போடணும். அது கைக்குத் தெரியும். இதுல கைக்கு வேலை இல்ல, அதான் வாயால சொன்னேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, டம்ளரைப் பார்த்துக்கிட்டே: "நான் சொன்னப்ப நம்பல. உன் போன்ல கோடு வந்ததும் நம்பிட்டாங்க."

பெரியப்பா மன்னிப்பெல்லாம் கேட்கல. எங்க வீட்டுல அது வழக்கம் இல்ல. அடுத்த மாசச் சம்பளத்துல ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கிட்டார். அந்த வார்த்தையை மறந்துட்டாரான்னு நான் கேட்கல.

ஆபீஸ் திரும்பின முதல் நாள், 'மறுபடி வரவில்லை'ன்னு நான் மூடி வச்சிருந்த டிக்கெட்டுகளைத் தேடினேன். பதினொண்ணு இருந்துச்சு. முதல் டிக்கெட்டைப் போட்டவங்களுக்குப் போன் பண்ணி, "எப்போ, எங்க வருதுன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"ன்னு கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினாங்க.

உங்க வண்டியில, உங்க வேலையில இப்படி 'உங்க கண்ணுக்கு மட்டும் தெரியற' பிழை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம். அதுவரைக்கும், காலையில வண்டியை மெதுவா எடுங்க. வர்றேன் மக்களே.